லயத்துக் காம்பிரா யாருடையது?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு லயத்துத் தொங்கல் காம்பிராவை எடுத்துக்கொள்வோம். லயம் என்பது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள், காம்பிரா அதில் ஒரு குடும்பத்துக்கான அறை, தொங்கல் என்றால் வரிசையின் கடைசி. நிலம் அரசாங்கத்துடையது. அதைக் குத்தகைக்கு வைத்திருப்பது ஒரு பெருந்தோட்டக் கம்பனி. தோட்டத்துப் பதிவில் காம்பிரா ஒருவர் பேரில் இருக்கிறது. அவர் பேர் பதிந்து வேலை செய்து, ஓய்வு பெற்று, இறந்தும் போய்விட்டார். உள்ளே குடியிருப்பது அவருடைய மூத்த மகன் குடும்பம். இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து அறையாக்கியதும், பின்னால் தகரம் இறக்கிக் குசினி கட்டியதும் கொழும்பில் கடையில் நிற்கும் இளைய மகனின் காசு. வாசலில் உள்ள மரக்கறிப் பாத்தி தாத்தா காலத்தில் கொத்தியது.

இது யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். குடும்பம் “எங்களுடையது” என்னும். துரை (தோட்டத்து நிர்வாகி) “தோட்டத்துடையது” என்பார். பிரதேச செயலகத்தில் கேட்டால் “அரச காணி” என்பார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். சொந்தம், ஆட்சி (தனக்காகக் கைவசம் வைத்திருப்பது), குடியிருப்பு என்று சட்டம் இந்தக் கேள்விகளைப் பிரித்து வைத்திருக்கிறது. மலையகத்தில் காணி பற்றிப் பேசும் மேடைகளில் பாதிக் குழப்பம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலப்பதால் வருவது. மீதிப் பாதி அரசியல். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டத்துக்கு முன் பேச்சைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் நாம் பேசும் தமிழிலேயே இந்தப் பிரிப்பு இருக்கிறது. ஒரு பொருள் தன்னுடையது என்று சொல்லத் தமிழர் அன்றாடப் பேச்சில் தனி வினை எதையும் தேடுவதில்லை. ‘இரு’ என்ற சொல்லே போதும். வேலையை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும். “எனக்கு ஒரு வீடு இருக்கிறது” என்றால் வீடு என்னுடையது. “என்னிடம் சாவி இருக்கிறது” என்றால் சாவி இப்போது என் கையில் உள்ளது. அது யாருடைய சாவி என்பது வேறு பேச்சு. காணித் தரகர் ஒருவர் “என்னிடம் ஒரு வீடு இருக்கிறது” என்றால், அவர் வீட்டை நமக்குத் தருகிறார் என்றா நினைக்கிறோம்? யாருடைய வீட்டையோ விற்றுக்கொடுக்க வைத்திருக்கிறார் என்று உடனே புரிந்துவிடுகிறது. சிங்களத்திலும் கிட்டத்தட்ட இதேதான்: ‘மட’ என்றால் எனக்கு, ‘மங் லங்க’ என்றால் என்னிடம். மலைநாட்டின் இரண்டு மொழிகளும் சொந்தத்தையும் கைவசத்தையும் உருபை வைத்தே பிரித்துக்கொள்கின்றன.

குழப்புவது ஆறாம் வேற்றுமை. “என் வீடு”, “என் முதலாளி”, “என் தோட்டம்”, “என் தலைவலி” எல்லாவற்றுக்கும் ஒரே ‘என்’தான். இந்தச் சிக்கலைப் பழைய இலக்கணக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று நன்னூல் இரண்டாக வகுக்கிறது. முருகனது கை தற்கிழமை, அவனைவிட்டுப் பிரியாதது. முருகனது வேல், முருகனது மலை இரண்டும் பிறிதின்கிழமை. அவனுக்கு வேறாக நிற்பவை. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்தோம். ஆனால் சட்டம் சொந்தத்தை எடைபோடும் இடமும் இதுதான். உன்னைவிட்டுப் பிரிக்கக்கூடிய ஒன்றை, நீ விரும்பினால் விற்கலாமா, நன்கொடையாக எழுதலாமா, ஈடு வைக்கலாமா, மரண சாசனத்தில் இன்னாருக்கு என்று சொல்லலாமா? முடியும் என்றால் சொந்தம். வைத்திருக்க மட்டும்தான் முடியும் என்றால் அதற்குப் பெயர் வேறு.

சரி, லயத்தில் எப்படிப் பேசுகிறார்கள்? “எங்களுக்கு ரெண்டு மாடு இருக்கு” என்று தயங்காமல் சொல்வார்கள். காம்பிராவைப் பற்றிப் பேசும்போது அந்த வாக்கியம் பெரும்பாலும் வருவதில்லை. “லயத்துல இருக்கோம்” என்பார்கள். அல்லது “தோட்டத்துல காம்பிரா குடுத்திருக்காங்க” என்பார்கள். இரண்டாவது வாக்கியத்தில் கொடுத்தவர் ஒருவர் நிற்கிறார் பாருங்கள். இந்தச் சாதாரணப் பேச்சை நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் வரவழைத்தால் வழக்கு அதோடு முடிந்தது என்று அர்த்தம். ஏன் என்பதற்குச் சட்டத்துக்குள் போக வேண்டும்.

இலங்கையின் பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்துச் சட்டம். ஒல்லாந்தர் கரையோரத்தில் விட்டுப்போனதை ஆங்கிலேயர் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1815இல் கண்டி அவர்கள் கைக்கு வந்தது. கண்டியச் சட்டம் பேசாத விடயங்களில் கரையோரச் சட்டமே செல்லும் என்று 1852இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படித்தான் நுவரெலியாவில் ஒரு குசினிச் சண்டைக்கு உரோமாபுரி பதில் சொல்ல நேர்ந்தது.

உரோமர்கள் இதில் கறாரானவர்கள். சொந்தத்துக்கும் ஆட்சிக்கும் பொதுவானது ஒன்றும் இல்லை என்று எழுதினார் உல்பியன் என்ற சட்ட அறிஞர். ஒரு காணி யாருடையது என்பதைத் தீர்க்க வருடங்கள் ஆகலாம். உறுதிகளை (காணிப் பத்திரங்களை) புரட்ட வேண்டும், வம்சாவளி பார்க்க வேண்டும். அதுவரை ஆளாளுக்குக் கத்தி தூக்க விடமுடியாது. அதனால் இப்போது வைத்திருப்பவரை, அவர் உண்மையான சொந்தக்காரர் இல்லாவிட்டாலும், சட்டம் முதலில் காக்கிறது. ஆனால் ஆட்சி என்ற பெயரைப் பெறக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, “எனக்காக வைத்திருக்கிறேன்” என்ற மனமும் வேண்டும். வாடகைக்காரர், வேலையாள், காவலாளி எல்லோரும் பொருளை வைத்திருக்கிறார்கள், ஆனால் இன்னொருவருடைய உரிமையை ஏற்றுக்கொண்டு வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: அப்படி உள்ளே வந்தவர் பின்னால் தன் மனத்துக்குள் “இனி இது என்னுடையது” என்று முடிவு செய்வதால் எதுவும் மாறாது. இலங்கை வழக்கு ஒன்றிலேயே, நாகுட மரிக்கார் வழக்கு, 1903, லண்டனில் இருந்த அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் இதைச் சொல்லியிருக்கிறது. ஒருவர் சார்பில் காணிக்குள் வந்தவர், வெளிப்படையாக எதிர்த்து நிற்கும்வரை, அவர் சார்பிலேயே தொடர்கிறார் என்றுதான் கொள்ளப்படும்.

மலைநாட்டுக் காணிக்கு வந்தால் 1840 முக்கியமான ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. 7ஆம் இலக்கச் சட்டம், காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும் என்றது. இன்றைக்கும் அது நடப்பில் இருக்கிறது. வாய்ப் பேச்சில் காணி விற்றால் செல்லாது. 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடாத நிலம் எல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று கொள்ளப்படும் என்றது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலத்துக்கும் (காடு வெட்டி எரித்து இடையிடையே பயிரிடும் நிலம்) அதே கதி. அரசன் கொடுத்த சன்னஸ் பட்டயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கமான வரி கட்டியதைக் காட்ட வேண்டும்.

இதற்கு முன்பு மலைநாட்டில் நிலத்தைப் பிடித்து வைத்திருந்தது ஏடு இல்லை, ஊழியம். அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ இன்ன கடமை செய்பவனுக்கு இன்ன பங்கு. அதிலும் பரம்பரையாக வரும் பரவேணிப் பங்கு வேறு, விருப்பப்படி ஆள் மாற்றக்கூடிய மாருவெனப் பங்கு வேறு. அந்த ஊர்களில் போய் “எழுத்து எங்கே?” என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள்? முடிக்குரியதாகிவிட்ட மலைகள் ஏக்கர் 5 ஷில்லிங் என்று கோப்பிக்காகப் போயின. 1844இல் 20 ஷில்லிங் ஆக்கினார்கள். அந்த மலைகளை வெட்டிக் கோப்பி போடவும், பின்னால் தேயிலை போடவும் தென்னிந்தியாவில் இருந்து வந்தவர்கள்தான் லயங்களில் ஏறினார்கள். பக்கத்து நாட்டில் (சிங்களக் கிராமத்தைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) காணி போனவர்களின் மனக்கசப்பும், லயத்தில் காணியே இல்லாதவர்களின் மனக்கசப்பும் ஒரே சட்டத்தில் இருந்து கிளம்பியவை. இரண்டு பக்கமும் இதைச் சேர்த்துப் படித்திருந்தால் சில சண்டைகளை மிச்சம் பிடித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது காம்பிராவுக்கு வருவோம். வேலையை விட்டு நிறுத்தினால் காம்பிராவையும் விட வேண்டும் என்பது தோட்டத்தில் நெடுங்கால வழக்கம். விடாதவர் மீது அத்துமீறிப் புகுந்ததாகக் குற்ற வழக்கு. தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவு. அப்படி ஒரு வழக்கு பிரிவிக் கவுன்சில்வரை போனது: செல்வநாயகம் எதிர் மன்னர், 1950. (தந்தை செல்வா இல்லை, இவர் தோட்டத்தில் வேலை செய்தவர்.) வேலை போனது, வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தது, அவர் காம்பிராவைவிட்டுப் போகவில்லை. கீழே தண்டித்தார்கள். லண்டனில் அந்தத் தண்டனை நிற்கவில்லை.

அந்தத் தீர்ப்பு இரண்டு காரணம் சொன்னது. இரண்டும் நம் பேச்சுக்கு முக்கியம். ஒருவர் ஒரு காம்பிராவில் தங்கியிருப்பது தனக்கு இருக்க இடம் வேண்டும் என்பதற்காக. துரைக்கு அதனால் எரிச்சல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் எரிச்சலூட்டுவதுதான் அவருடைய முக்கிய நோக்கம் என்று காட்டாமல் குற்றவாளி ஆக்க முடியாது. தனக்கு உரிமை உண்டு என்று அவர் உண்மையாகவே நம்பினால், அந்த நம்பிக்கை சட்டப்படி தவறாக இருந்தாலும்கூட, அவரைக் குற்றவாளி ஆக்குவது இன்னும் கடினம். அப்புறம் இரண்டாவது காரணம். 427ஆம் பிரிவு பேசுவது ‘இன்னொருவரின் குடியிருப்பில்’ உள்ள இடத்தைப் பற்றி. குடியிருப்பு என்பது கண்ணால் காணும் உண்மை, ஆட்சி என்பதைப் போலச் சட்டக் கணக்குப் போட்டு வருவித்துக்கொள்வது இல்லை. தோட்டம் முழுவதும் துரையின் பொறுப்பில் இருக்கலாம். அதற்காக ஒரு தொழிலாளியின் காம்பிராவுக்குள் துரை குடியிருக்கிறார் என்று சொல்ல முடியாது.

வாசிக்க மனசுக்கு நன்றாக இருக்கும் தீர்ப்பு. ஆனால் அது கொடுத்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவரைப் பொலிஸை வைத்துத் தூக்க முடியாது, அவ்வளவுதான். காம்பிரா அவருடையது என்று அது சொல்லவில்லை. குடிசார் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வெளியேற்றும் வழி தோட்டத்துக்குத் திறந்தே இருந்தது. பின்னால் 1971இல், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஆட்களை வெளியேற்றக் கூடாது என்று ஒரு தனிச் சட்டம் வந்தது. அதுவும் குடியிருப்பைக் காத்ததே தவிர, சொந்தம் பக்கம் ஒரு அடி நகரவில்லை.

அப்படியென்றால் நீண்டகால ஆட்சி? பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே? சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், 3ஆம் பிரிவு. பத்து வருடம் என்பது அதில் இருப்பது உண்மை. ஆனால் வெறும் பத்து வருடம் இல்லை. இடையூறில்லாமல், இடைவிடாமல், மற்றவரின் உரிமைக்கு எதிராகவோ அதைச் சாராமலோ வைத்திருந்திருக்க வேண்டும். எதிராக என்றால் என்ன என்று அடைப்புக்குறிக்குள் போட்ட மாதிரி அந்தப் பிரிவே சொல்கிறது: வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுக்காமல், ஊழியமோ கடமையோ செய்யாமல், இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொண்டதாக இயல்பாகத் தெரியும் வேறெந்தச் செயலும் இல்லாமல்.

‘ஊழியமோ கடமையோ செய்யாமல்.’ தோட்டத்துக் கதை முழுவதும் இந்த மூன்று சொல்லில் மாட்டிக்கொள்கிறது. காம்பிரா கிடைத்ததே வேலைக்காக. காலையில் பெரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போய் நிற்பது, கொழுந்து எடுப்பது, கவ்வாத்து வெட்டுவது எல்லாம் அந்தக் காம்பிராவுக்குப் பின்னால் உள்ள ஊழியம். ‘பேர்’ என்ற சொல்லுக்கே தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் என்று ஒரு பொருள் உண்டு. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். காம்பிரா ‘அவர் பேரில் இருக்கிறது’ என்று சொல்லும்போதும் அந்தப் பேர் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) உள்ள பேர், உறுதியில் உள்ள பேர் இல்லை. தோட்டத்துக் கணக்கில் நம் பேர் ஏறும் ஒவ்வொரு நாளும், நிலம் வேறொருவருடையது என்று நாமே கையெழுத்துப் போடும் நாள். ஒரு காட்டு மூலையில் யாருக்கும் தெரியாமல் வேலி அடைத்த ஒருவருக்குப் பத்து வருடத்தில் கைகூடக்கூடியது, ஐந்து தலைமுறை உழைத்தவருக்கு ஒரு நாள்கூடச் சேரவில்லை. வருடத்தை எண்ணுவதற்கு முன் தொடக்கம் எங்கே என்றுதான் சட்டம் பார்க்கிறது. இவர்களுக்குத் தொடக்கமே இல்லை.

1972க்குப் பிறகு அந்த வாசலில் இன்னொரு பூட்டு விழுந்தது. அந்த ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டது. தோட்டங்கள் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. 1992இல் நிர்வாகத்தை மறுபடி தனியாரிடம் கொடுத்தார்கள். பிராந்தியக் கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை, 2045வரை. ஆகவே இன்று கம்பனிகளுக்கும் நிலம் சொந்தமில்லை. அரசுக்கு எதிராக 1871ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவே சொல்கிறது. முன்பு ஊழியம் தடுத்தது, இப்போது அரசு என்ற சொல்லும் சேர்ந்து தடுக்கிறது.

1979இல் வந்த இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்சி என்பதன் இரண்டு முகம் தெரியும். முதலாவது, தொடக்க நீதிமன்ற நடவடிக்கைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஊரில் ‘சிக்ஸ்டி சிக்ஸ் கேஸ்’ என்பார்கள். இரண்டு காம்பிராக்காரர்களுக்கு இடையில் ஒரு கோவாப் பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விடியற்காலையில் போய் வேலியைப் பிடுங்கிப் போட்டுத் தன் கம்பை ஊன்றிவிட்டார். சண்டை வருகிறது, பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. நீதவான் அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று பார்க்கமாட்டார். அரசுக்குச் சொந்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அது இங்கே தேவையில்லை. அறிக்கை கொடுத்த நாளில் யார் ஆட்சியில் இருந்தார்? அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றினார்களா? வெளியேற்றியிருந்தால் வெளியேற்றப்பட்டவருக்கே பாத்தி திரும்பக் கிடைக்கும். யாருக்கும் உறுதி இல்லாத பாத்திக்கு நீதிமன்றம் வேலி போட்டுக் கொடுக்கிறது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். உல்பியன் சொன்னது இதைத்தான். கவனிக்க வேண்டியது அந்த இரண்டு மாதம். பேசித் தீர்க்கலாம், தலைவரிடம் சொல்லலாம், திருவிழா முடியட்டும் என்று இழுத்தால் மூன்றாவது மாதம் வேலி பிடுங்கியவரே ஆட்சியாளர் ஆகிவிடுவார். அதன் பிறகு வருடம் தாண்டாமல் மாவட்ட நீதிமன்றம் போகலாம், செலவு வேறு.

இரண்டாவது, அரச காணி ஆட்சி மீட்புச் சட்டம். அதே ஆண்டு, 7ஆம் இலக்கம். அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் 30 நாள் அறிவித்தல் கொடுப்பார். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம். அங்கே நீங்கள் எத்தனை வருடம் இருந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், குசினிக்கு எவ்வளவு செலவு என்று எதுவும் பேச முடியாது. காணியில் இருக்க அரசு கொடுத்த செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ எழுத்து அதிகாரமோ இருக்கிறதா என்ற ஒன்று மட்டும்தான் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிரே உங்கள் ஆட்சி உறுதியானது, அரசுக்கு எதிரே அதே ஆட்சி எடுபடாது. ஆட்சி என்பது யாருக்கு எதிராக என்று கேட்காமல் பேச முடியாத ஒன்று. மேடைகளில் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

குசினிக்குச் செலவழித்த காசு? பழைய விதி, நிலத்தோடு சேர்ந்த கட்டடம் நிலத்துக்குப் போய்விடும். தனக்கு உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பிக் கட்டியவர் நட்டஈடு கேட்கலாம், அது கிடைக்கும்வரை இடத்தைவிடாமல் இருக்கலாம் என்று உரோம ஒல்லாந்துச் சட்டத்தில் இடம் உண்டு. வேலைக்காக உள்ளே வந்தவருக்கு அந்த வழி குறுகலானது. சுவரை இடித்துக் கட்டும்போது தோட்டத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறவர்கள் சிலரே. அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தால் இன்னொருவரின் உரிமையை ஏற்றதாகும், கொடுக்காவிட்டால் களவாகக் கட்டியதாகும். இரண்டும் கெட்டான் நிலை என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இந்த நிலையில் ஆட்கள் கைக்குக் கிடைத்த கடதாசியை எல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், வாக்காளர் இடாப்புப் பிரதி, கரண்ட் பில், கிராம சேவகர் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தோட்டத்து முகவரி. பொலித்தீன் பையில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் சாமி படத்தோடு இருக்கும். இவை எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். யார், எங்கே, எப்போது இருந்தார் என்பதற்கு நல்ல சாட்சி. 66 வழக்கில் உதவும், வீடமைப்புப் பட்டியலில் பேர் சேர்க்க உதவும். சொந்தத்துக்கு இவை எதுவும் சாட்சி ஆகா.

காணி கேட்பதற்கே முதலில் பிரஜையாக இருக்க வேண்டியிருந்தது. 1935இல் அரச காணியைக் குடியானவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தபோது, தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் அதன் கணக்கில் இலங்கையர் இல்லை. 1948இல் பிரஜாவுரிமையே போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். மிச்சம் மீதி எல்லாம் சட்டத்தில் சரியாக 2003 ஆகிவிட்டது. மற்றவர்கள் மகாவலியிலும் குடியேற்றத் திட்டங்களிலும் அனுமதிப்பத்திரம் வாங்கிய பல பத்தாண்டுகளில் இவர்கள் வரிசையிலேயே இல்லை.

இப்போது தனி வீடுகள் வருகின்றன. 2015க்குப் பிறகு 7 பேர்ச் என்று தொடங்கியது, பின்னர் 10 பேர்ச் என்று பேச்சு வந்தது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில் பிறந்தவருக்கு அது பெரிய வெளிதான். இந்திய உதவி வீடுகளும் இந்தக் கணக்கில் வந்தவையே. வீடு கிடைத்தவர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள், சந்தோசம். நான் கேட்க விரும்புவது கையில் கொடுத்த கடதாசியைப் பற்றி.

ஏனென்றால் ‘காணி உறுதி கொடுத்தாச்சு’ என்று செய்தியில் வரும் எல்லாமும் உறுதி இல்லை. ஒதுக்கீட்டுக் கடிதம் என்பது இந்த வீடு இவருக்கு என்று அலுவலகம் சொல்வது, வெறும் கடிதம். அனுமதிப்பத்திரம் என்பது நிபந்தனையோடு இருக்கவிடுவது. நிபந்தனை மீறினால் இரத்துச் செய்யலாம். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வரும் அளிப்புப் பத்திரம் அதைவிட மேலானது, ஜனாதிபதியின் கையெழுத்தோடு வரும். ஆனால் அதையும் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே துண்டு போட முடியாது, அடுத்து யாருக்குப் போகும் என்பதும் சாதாரண வாரிசு முறையில் இல்லாமல் பெயர் குறித்த பின்னுரிமையாளருக்குப் போகும். அறுதி உறுதி, சிங்களத்தில் சின்னக்கர ஒப்பு, அதுதான் விற்கவும் ஈடு வைக்கவும் எழுதி வைக்கவும் முழு அதிகாரம் தருவது. இப்படி நிபந்தனையோடு கொடுத்ததை அறுதியாக மாற்றித் தரப்போவதாகத்தான் 2024இல் ‘உறுமய’ திட்டம் தொடங்கியது.

தோட்டத்துக் காணியில் இது இன்னும் சிக்கல். நிலம் முதலில் கம்பனிக் குத்தகையிலிருந்து விடுபட வேண்டும், சொந்தம் உள்ள அரச நிறுவனம் கைவிட வேண்டும், நில அளவையாளர் அளந்து வரைபடம் போட வேண்டும், பிறகே உறுதி எழுதலாம், எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியலாம். இதில் ஏதாவது ஒன்று நின்றுபோனால் வீடு கட்டி முடிந்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்து, பிள்ளை அங்கேயே பெரியவளாகியும் கடதாசி வராமலே இருக்கும். அந்த வீட்டுக்காரர் லயத்தில் இருந்த அதே இடத்தில்தான் சட்டத்தின் கண்ணில் நிற்கிறார். ஆகவே கடதாசி கையில் வந்தால் முதலில் தலைப்பைப் படியுங்கள், பிறகு வரைபட இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். யார் பேரில் என்றும் பாருங்கள். கொழுந்து எடுத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவர் மனைவியாக இருக்க, பேர் மட்டும் புருஷன் பேராக இருக்கும் கடதாசிகள் நிறைய. இருவர் பேரிலும் எழுதும்படி கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. பதிந்த பிறகு கேட்பது கஷ்டம்.

சொந்தம் வந்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிடாது, வேறு பிரச்சினை தொடங்கும். அதற்கு மலையகத்தில் யாரும் இன்னும் தயாரில்லை என்று நினைக்கிறேன். லயத்தில் அப்பா இறந்தால் யார் தோட்டத்தில் வேலை செய்கிறாரோ அவர் பேருக்குக் காம்பிரா மாறும். சண்டை என்றாலும் துரை முன்னால் முடிந்துவிடும். அறுதி உறுதி உள்ள வீட்டில் அப்படி முடியாது. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு, மலையகத் தமிழருக்கு இல்லை. நமக்குப் பொதுச் சட்டம். மரண சாசனம் எழுதாமல் இறந்தால் பாதி மனைவிக்கு அல்லது கணவனுக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. கலியாணம் முடித்துப் போன மகளுக்கும் உண்டு, கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கும் உண்டு. வீட்டில் இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட மூத்தவர், “பத்து வருடமாக நான்தானே இருக்கிறேன், ஆட்சி எனக்கு” என்று சொன்னால் செல்லுமா?

செல்லாது. கொரெயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி என்ற 1911ஆம் ஆண்டு வழக்கில் பிரிவிக் கவுன்சில் இதைத் தீர்த்து வைத்தது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் வைத்திருப்பது எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து வெளியே நிறுத்தினால் ஒழிய அவருக்கு எதிர் ஆட்சி தொடங்காது. 1918இல் இன்னொரு வழக்கு இதைக் கொஞ்சம் தளர்த்தியது: மிக நீண்ட காலம் ஒருவரே தனியாக அனுபவித்து வந்திருந்தால், மற்றவர்களை எப்போதோ வெளியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சூழ்நிலையை வைத்து நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகிக்கலாம் என்பதுதான், ஊகிக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே மூத்தவர் வீட்டில் இருப்பதை நம்பாமல், உடன்பிறந்தவர்களிடம் அவர்கள் பங்கை நொத்தாரிசு முன் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. அவர்கள் எழுதித் தர மறுத்தால் பாகப்பிரிவினை வழக்கு. 7 பேர்ச் நிலத்தை நாலாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டால் வீட்டை விற்றுக் காசைப் பிரித்துக்கொள்ளச் சொல்லும்.